தேறாதவர்களின் பள்ளி நினைவுகள்

ஆங்கிலத்தில் பள்ளி நினைவு என்பது தனியொரு இலக்கிய வகையாகவே வளர்ந்திருக்கிறது. 1857இல் வெளியான தாமஸ் ஹியூஸின் 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல்டேஸ்' நாவல் தொடங்கி, தன் விடுதிப் பள்ளியைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1952இல் அச்சேறிய கட்டுரை வரை அந்த வரிசை நீள்கிறது. முன்னவர் தன் பள்ளியைக் கொண்டாடினார், பின்னவர் வெறுத்தார். ஆனால் இருவரும் ஒரே வகைப் பள்ளியின் பிள்ளைகள். எழுத்தும் பேச்சும் அதிகாரமும் தங்களுக்கு இயல்பாக வந்து சேரும் என்று நம்பவைத்த பள்ளிகள் அவை. பள்ளியைத் திட்டுவதற்கான மொழியையும் பள்ளியே கற்றுக்கொடுத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த வரிசையில் வேறொரு குரல் சேர்ந்தது. தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, தேர்வில் வென்று, கிராமர் பள்ளிக்குப் போன பையனின் குரல். ரிச்சர்ட் ஹோகார்ட் 1957இல் எழுதிய 'த யூசஸ் ஆஃப் லிட்டரசி' நூலில் வரும் 'ஸ்காலர்ஷிப் பையன்' இன்று சமூகவியலில் ஒரு கலைச்சொல்லாகவே ஆகிவிட்டான். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே எதிலும் ஒட்டாமல் தவிக்கும் பையன் அவன். 1962இல் பிரையன் ஜாக்சனும் டென்னிஸ் மார்ஸ்டனும் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் அப்படித் தேறிய 88 தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கதையை ஆராய்ந்து நூலாக்கினார்கள். இரண்டும் அருமையான நூல்கள். ஆனால் இரண்டுமே தேறியவர்களைப் பற்றியவை. அதே தெருவில், அதே சுவரையொட்டிய அடுத்த வீட்டில், அதே தேர்வை எழுதித் தேறாமல் போன பையன் எங்கே? பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் அவனைப் போன்றவர்கள். அவனுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. அதற்குப் பெயர் செகண்டரி மாடர்ன்.

இந்தப் பள்ளிகளின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச இடைநிலைக் கல்வியை வாக்களித்தது. பெரிய சாதனைதான், ஐயமில்லை. மூன்று வகைப் பள்ளிகள் வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த நார்வுட் குழுவின் அறிக்கைதான் மனித மனங்களையே மூன்று வகையாகப் பிரித்தது. அறிவை அறிவுக்காகவே நாடும் மனம் ஒன்று, அறிவியலையோ கலையையோ தொழிலில் பயன்படுத்தும் மனம் ஒன்று, கருத்துகளைவிடக் கண்முன் உள்ள பொருட்களோடு எளிதில் உறவாடும் மனம் ஒன்று. முதலாமவருக்கு கிராமர் பள்ளி, இரண்டாமவருக்குத் தொழில்நுட்பப் பள்ளி, எஞ்சிய எல்லாருக்கும் செகண்டரி மாடர்ன். தொழில்நுட்பப் பள்ளிகள் பெரும்பாலான ஊர்களில் கட்டப்படவே இல்லை. ஆகவே மூன்று என்று சொல்லப்பட்டது நடைமுறையில் இரண்டாயிற்று: தேறியவர், தேறாதவர். பிரித்தது, பத்து, பதினோரு வயதில் எழுதிய 'இலெவன் பிளஸ்' என்ற ஒரே தேர்வு. மூன்று வகைப் பள்ளிகளுக்கும் சமமதிப்பு என்று அரசு அறிவித்தது. எந்தத் தாயும் தந்தையும் அதை நம்பியதாகத் தெரியவில்லை. தேறினால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லிவைத்திருந்த வீடுகள் அந்நாட்டில் ஏராளம். சமமதிப்புள்ள இரண்டில் ஒன்றுக்கு மட்டும் யாராவது சைக்கிள் பரிசளிப்பார்களா?

அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களுடைய நினைவுகள் அநேகமாக நூல்களாக வருவதில்லை. உள்ளூர் வரலாற்றுக் குழுக்களின் மெல்லிய வெளியீடுகளிலும், வட்டாரச் செய்தித்தாள்களின் வாசகர் கடிதங்களிலும், பழைய மாணவர் கூடுகைகளிலும் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. ஆண்கள் பள்ளியைப் பற்றிய நினைவுகளுக்கு ஒரு வாய்பாடே இருக்கிறது. முதலில் ஆசிரியர்களின் பட்டப்பெயர்கள். அடுத்து பிரம்பு. பிரம்புக்குப் பதிலாகக் கான்வாஸ் ஷூவைக் கழற்றி அடித்தவர் யார், கரும்பலகை அழிப்பானைக் குறிபார்த்து எறிந்தவர் யார், அடிப்பதற்கு முன் எத்தனை அடி வேண்டும் என்று பையனையே கேட்டவர் யார். பிறகு மதிய உணவின் கூழ் போன்ற கஸ்டர்ட். 1946 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த, மூன்றில் ஒரு பைன்ட் கொள்ளும் சின்னஞ்சிறு பால் புட்டி. குளிர்காலத்தில் சேற்றுமைதானத்தில் கால்பந்து. மரவேலைக் கூடத்தின் பசை நாற்றம், அங்கே செய்து அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்த முக்காலி. கடைசியாக, "எப்படியோ பிழைத்துக்கொண்டோம்" என்ற தொனியில் ஒரு சிரிப்பு.

இலக்கிய வாசகர் இதைப் படித்தால் இரண்டு விதமாகக் கடந்துபோகக் கூடும். ஒன்று, இது வெறும் பழங்கால ஏக்கம் என்று ஒதுக்குவது. மற்றொன்று, பாவம், ஒடுக்கப்பட்டவர்கள், தாம் ஒடுக்கப்பட்டதுகூட அறியாமல் சிரிக்கிறார்கள் என்று இரங்குவது. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. அந்தச் சிரிப்பு அறியாமையால் வருவதன்று. பதினோரு வயதில் தன்மேல் எழுதப்பட்ட தீர்ப்பை அறுபது ஆண்டுகள் சுமந்த மனிதன், அதைச் சொல்லத் தக்க ஒரு வடிவத்தைத் தேடுகிறான். அவன் கைக்கு எட்டும் வடிவம் அடிபட்ட கதை. அதைத்தான் அவன் சொல்கிறான்.

அடிக்கு ஒரு கதை இருக்கிறது. அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, அடித்தவர் உண்டு, வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு, வலி உண்டு, பின்னால் நண்பர்களிடம் காட்டிய தழும்பு உண்டு. கற்பிக்கப்படாத பாடத்துக்கு இவை எதுவும் இல்லை. ஒருவனுக்கு அல்ஜீப்ரா சொல்லித்தரவில்லை என்றால், அது எந்தச் செவ்வாய்க்கிழமையன்று நடக்கவில்லை என்று அவனால் எப்படி நினைவுகூர முடியும்? செகண்டரி மாடர்ன் பள்ளிகளின் உண்மையான கொடுமை பிரம்பில் இல்லை. பிரம்பு கிராமர் பள்ளியிலும் இருந்தது, பணக்காரர்களின் விடுதிப் பள்ளிகளில் இன்னும் தாராளமாக இருந்தது. பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் அது 1987இல்தான் ஒழிந்தது. கொடுமை இருந்தது எதிர்பார்க்காமல் விட்டதில்தான். இந்தப் பையன்களிடம் யாரும் எதையும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

இதற்கு ஆவணச் சான்று நிறையவே இருக்கிறது. பல பள்ளிகளில் பிறமொழி எதுவும் கற்பிக்கப்படவில்லை. இயற்பியல், வேதியியல் என்று பிரிக்காமல் பொது அறிவியல் என்று ஒன்று நடந்தது. ஆண்களுக்கு மரவேலை, உலோகவேலை, தோட்டவேலை. பெண்களுக்குச் சமையலும் தையலும். 1951இல் ஜி.சி.இ. தேர்வு வந்தபோது, பதினாறு வயது நிரம்பாதவர் எழுதக் கூடாது என்று விதித்தார்கள். 1947 முதல் பள்ளியைவிட்டு வெளியேறும் வயது பதினைந்து. செகண்டரி மாடர்ன் மாணவர்களில் ஆகப் பெரும்பாலோர் பதினைந்தில் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அந்த ஒரு வயது வரம்பே அவர்களை வாசலில் நிறுத்திவிட்டது. வரம்பு சீக்கிரமே தளர்த்தப்பட்டது என்றாலும், இந்த மாணவர்களை மனத்தில் வைத்து நாடு முழுவதுக்கும் ஒரு தேர்வு, அதாவது சி.எஸ்.இ., வர 1965 ஆயிற்று. அதுவரை இவர்களில் பெரும்பாலோர் கையில் எந்தச் சான்றிதழும் இல்லாமலே வெளியேறினார்கள். வெளியேறும் வயதைப் பதினைந்தாக உயர்த்தியபோது கூடுதல் பிள்ளைகளுக்கு இடமில்லாமல், தற்காலிகமென்று சொல்லி கான்கிரீட் கொட்டகைகளை அவசரமாக எழுப்பினார்கள். அவற்றில் பல, தலைமுறைகள் தாண்டியும் வகுப்பறைகளாகவே நின்றன. 1963இல் இந்தப் பள்ளிகளின் நிலையை ஆராய்ந்த நியூசம் குழு தன் அறிக்கைக்கு வைத்த தலைப்பு 'நம் எதிர்காலத்தில் பாதி' என்று பொருள்படும். பாதி எதிர்காலம் கொட்டகையில் இருந்தது.

பிரித்த தேர்வாவது துல்லியமானதா என்றால் அதுவும் இல்லை. கிராமர் பள்ளியில் இடங்கள் எத்தனை என்பது ஊருக்கு ஊர் மாறியது. ஓர் ஊரில் தேறிய மதிப்பெண் அடுத்த மாவட்டத்தில் தேறாத மதிப்பெண். சில வட்டாரங்களில் பெண்பிள்ளைகள் அதிகம் தேறிவிடக் கூடாதென்று அவர்களுக்கு மட்டும் வரம்பை உயர்த்தி வைத்தார்கள். தேர்வின் பின்னிருந்த பிறவி அறிவுத்திறன் கோட்பாட்டின் பெரும்புள்ளியான சிரில் பர்ட்டின் இரட்டையர் ஆய்வுத் தரவுகள் நம்பத்தக்கவையல்ல என்ற குற்றச்சாட்டு, அவர் இறந்து சில ஆண்டுகளில், 1970களின் நடுவில் வெடித்தது. அதற்குள் ஒரு தலைமுறை பிரித்து அனுப்பப்பட்டுவிட்டது. அனுப்பப்பட்ட இடத்திலும் பிரிப்பது நிற்கவில்லை. செகண்டரி மாடர்னுக்குள்ளேயே ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தார்கள். பழைய மாணவர் எவரும் தன் வகுப்பின் எழுத்தை மறப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். ஆசிரியரின் இயற்பெயரை மறந்தவர்கூட, தான் நான்காம் ஆண்டில் 'டி' பிரிவில் இருந்ததை மறக்கவில்லை.

இந்தப் பள்ளிகளைப் பற்றி இலக்கியம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. லண்டனில் ஆண்கள் செகண்டரி மாடர்ன் பள்ளி ஒன்றில் பணியாற்றிய எட்வர்ட் பிளிஷன் 1955இல் 'ரோரிங் பாய்ஸ்' எழுதினார். பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்து கிழக்கு லண்டனில் ஆசிரியரான ஈ. ஆர். பிரைத்வெய்ட் 1959இல் 'டு சர், வித் லவ்' எழுதினார். 1967இல் சிட்னி பாய்ட்டியே நடித்த படமாக அது உலகமெல்லாம் ஓடியது. இரண்டுமே மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆசிரியர் எழுதியவை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அவற்றில் பாத்திரங்கள் மட்டுமே. பிரைத்வெய்ட் பணியாற்றிய பள்ளியில் படித்த ஒருவர், பல்லாண்டுகளுக்குப் பின் தன் நினைவு நூலில் அந்தச் சித்தரிப்பை மறுத்து எழுதினார். உலகம் அறிந்தது ஆசிரியரின் நூலைத்தான். அதில் வியப்பில்லை.

இந்தப் பொருளில் ஆகச் சிறந்த கலைப்படைப்பு 1968இல் பாரி ஹைன்ஸ் எழுதிய 'எ கெஸ்ட்ரல் ஃபார் எ நேவ்' நாவலும், கென் லோச் அதை வைத்து எடுத்த 'கெஸ்' படமும்தான். யார்க்ஷயர் சுரங்கப் பகுதியின் பில்லி காஸ்பர் என்ற பையன் வல்லூறு இனத்துச் சிறு பறவை ஒன்றைப் பழக்குகிறான். அந்தப் படத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், தன்னைப் பெரும் ஆட்டக்காரராகக் கற்பித்துக்கொண்டு சின்னப் பையன்களோடு கால்பந்து ஆடும் காட்சி வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும். தலைமையாசிரியர் அறையில், யாரோ அனுப்பிய செய்தியைச் சொல்ல வந்த அப்பாவிப் பையனும் சேர்ந்து பிரம்படி படும் காட்சியும் உண்டு. மேலே சொன்ன வாய்பாட்டின் எல்லா உறுப்புகளும் படத்தில் இருக்கின்றன. ஆனால் எனக்கு மிகக் கொடுமையாகப் படுவது, யாரும் யாரையும் அடிக்காத ஒரு காட்சி. வேலைவாய்ப்பு அதிகாரி பில்லியைப் பேட்டி காண்கிறார். என்ன வேலை பிடிக்கும் என்று கேட்கிறார். சுரங்கத்துக்குப் போக மாட்டேன் என்பதைத் தவிர அவனிடம் பதில் இல்லை. பறவையைப் பற்றி அத்தனையும் தெரிந்துவைத்திருக்கும் அந்தப் பையனைப் பற்றி அதிகாரியின் தாளில் எழுத ஒன்றுமே இல்லை. அப்படி எதிர்பார்ப்பே இல்லாமல் போனதை ஒரு காட்சியாக்க முடிந்தது ஹைன்ஸின் மேதைமை. எல்லாருக்கும் அது வாய்க்காது.

பாரி ஹைன்ஸ் கிராமர் பள்ளியில் படித்தவர். இலெவன் பிளஸ் தேர்வில் தேறி, பின்னர் உடற்பயிற்சி ஆசிரியரானவர். தேறாதவர் அவர் தம்பி ரிச்சர்ட். செகண்டரி மாடர்னுக்குப் போனதும், வல்லூறுகளைப் பிடித்துப் பழக்கியதும் தம்பிதான். படத்தில் வரும் பறவைகளைப் பழக்கியவரும் அவரே. அண்ணன் அன்போடும் நேர்மையோடும்தான் எழுதினார், திருடி எழுதினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் தேறியவர் நாவல் எழுதினார், தேறாதவர் அதன் கருப்பொருளானார். ரிச்சர்ட் ஹைன்ஸ் தன் கதையைத் தானே எழுதி, 'நோ வே பட் ஜென்டில்னெஸ்' என்ற நூலாக வெளியிட்டது 2016இல். அண்ணனின் நாவலுக்கும் தம்பியின் நூலுக்கும் இடையே 48 ஆண்டுகள். பாரி மறைந்ததும் அதே 2016இல். தேர்வில் தோற்றதன் அவமானமும், பறவையை வளர்த்ததன் வழியாக மெல்ல மெல்லத் தன்மதிப்பை மீட்டதும் அந்த நூலின் இரு இழைகள். தம்பியின் நூலைப் படித்த பிறகு அண்ணனின் நாவலைத் திரும்பப் படிப்பவர்களுக்கு அது வேறொரு நூலாகத் தெரியும்.

பெயர் பெற்ற இன்னொருவரையும் சொல்லலாம். 1997 முதல் 2007 வரை பிரிட்டனின் துணைப் பிரதமராக இருந்து 2024இல் மறைந்த ஜான் பிரெஸ்காட், இலெவன் பிளஸில் தேறாமல் செகண்டரி மாடர்னில் படித்தவர். தேறிப்போன ஒரு பெண்ணுக்குச் சிறுவனாக அவர் காதல் கடிதம் எழுத, அவள் அதன் எழுத்துப்பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கப்பலில் பணியாளராக வேலை பார்த்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியிலும் ஹல் பல்கலைக்கழகத்திலும் படித்து, நாட்டின் இரண்டாம் பெரும் பதவியை அடைந்த மனிதர், அந்தக் கடிதத்தை மட்டும் மறக்கவில்லை. அதையும் சிரிப்புக் கதையாகத்தான் அவரால் சொல்ல முடிந்தது. நான் முதலில் சொன்ன வாய்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இதெல்லாம் முடிந்துபோன கதையல்லவா என்று கேட்கலாம். 1965இல் அமைச்சர் ஆன்டனி கிராஸ்லண்டின் சுற்றறிக்கை வந்ததும் பெரும்பாலான வட்டாரங்கள் இரு வகைப் பள்ளிகளையும் இணைத்துப் பொதுப் பள்ளிகளாக்கத் தொடங்கின. செகண்டரி மாடர்ன் என்ற பெயரே வழக்கொழிந்தது. ஆனால் கென்ட், பக்கிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர் போன்ற இடங்களில் பிள்ளைகளைப் பிரிக்கும் தேர்வு இன்றும் நடக்கிறது. இங்கிலாந்தில் 163 அரசு கிராமர் பள்ளிகள் இருக்கின்றன. 1998இல் ஒரு சட்டம் புதிய கிராமர் பள்ளிகளைத் தடை செய்தது. 2016இல் பிரதமர் தெரசா மே அந்தத் தடையை நீக்கப்போவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது. அந்த விவாதத்தில் கிராமர் பள்ளியால் உயர்ந்தோம் என்று பலர் நன்றியோடு எழுதினார்கள். அவர்கள் நன்றியில் பொய் இல்லை. ஆனால் செகண்டரி மாடர்ன் பள்ளிகளைத் திரும்பத் திறக்க வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை. ஒன்றைத் திறந்தால் மற்றது தானாகத் திறக்கும் என்பதை நினைவூட்ட வேண்டியவர்கள் அந்த முக்கால்வாசிப் பேர்தான். அவர்களிடம் இருந்ததோ பட்டப்பெயர்களும் பிரம்புக் கதைகளும். நினைவுகளின் வடிவமே அரசியலில் ஒரு தரப்பைப் பலவீனமாக்கிவிடும் என்பதை நான் உணர்ந்தது இங்கேதான். அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதைக் காட்டி, பாருங்கள், மகிழ்ச்சியாகத்தானே இருந்தார்கள் என்று வாதிடுவது எளிது.

மகிழ்ச்சியாகவும்தான் இருந்தார்கள். அதை மறுப்பது அவர்களை இரண்டாம் முறை அவமதிப்பது. ஆணியில்லாமல் இரண்டு பலகைகளைக் கோத்து இணைக்கக் கற்றுக்கொடுத்த மரவேலை ஆசிரியரை எழுபது வயதில் கண்கலங்க நினைவுகூர்பவர் பொய் சொல்லவில்லை. கைகளால் செய்யும் வேலை தாழ்ந்ததென்று நினைத்தவர்கள் நார்வுட் குழுவினர். அந்த ஆசிரியர் அப்படி நினைக்கவில்லை, பையனும் நினைக்கவில்லை. பல நினைவுகளில் இப்படி ஓர் ஆசிரியர் வருகிறார். வகுப்பு முடிந்தபின் ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தவர், மாலையில் தனியாக உட்காரவைத்துத் தேர்வுக்குத் தயார்செய்தவர், பில்லியின் பறவையைப் பார்க்க வயல்வெளிக்கே வந்த ஃபார்திங் சாரைப் போல ஒருவர். அமைப்பு எதிர்பார்க்காததை எதிர்பார்த்த தனி மனிதர்கள் அவர்கள். அவர்களை இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் மறக்காமல் இருப்பது அவர்கள் எவ்வளவு அரிதாக இருந்தார்கள் என்பதற்கும் சான்று.

ஆகவே இந்த நினைவுகளை இலக்கிய வாசகர் பொருட்படுத்திப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அந்தப் பள்ளிகளில் பலவற்றுக்கு இன்று கட்டடம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. கிராமர் பள்ளிகள் போல மரப்பலகையில் பொன்னெழுத்தில் பொறித்த மாணவர் பட்டியல்களும் இல்லை. ஒரு முதியவரின் நினைவே மொத்த ஆவணக் காப்பகமும். அதை நன்றாகப் படிக்கச் சொல்லியிருப்பதை மட்டும் படித்தால் போதாது. பிரம்பைப் பற்றி அவர் சொல்லும்போது அவரோடு சேர்ந்து சிரிப்பதில் தவறில்லை. சிரித்து முடித்த பிறகு, அன்று அந்த வகுப்பில் நடந்த பாடம் என்ன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பதில் வராது. பதில் வராத அந்த இடத்திலிருந்துதான் அவருடைய பள்ளியின் வரலாறு தொடங்குகிறது.